1.0 ஈக்கோபூஸ்ட்: பழைய ஈக்கோஸ்போர்ட் பெட்ரோல் வாங்கலாமா, ஓடலாமா?

தாம்பரத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். 2014 மாடல் ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். 1.0 ஈக்கோபூஸ்ட் பெட்ரோல், டைட்டானியம் வேரியன்ட், ஒரே ஓனர். மீட்டரில் 78,000 கி.மீ. கேட்கும் விலை மூன்றேகால் லட்சம். ஓட்டிப் பார்த்தேன். இரண்டாவது கியரில் மிதித்தால் ஒரு லிட்டர் இன்ஜின் என்று சொல்லவே முடியாது, அப்படி இழுக்கிறது. மனசு அங்கேயே விழுந்துவிட்டது.

மச்சான் மட்டும் "அந்த இன்ஜினா? பெல்ட் ஆயிலுக்குள்ளேயே ஊறிப் பிய்ந்துபோகும், கிட்டப் போகாதே" என்கிறார். யூடியூப் திறந்தால் இங்கிலாந்துக்காரர்கள் எல்லோரும் அதையேதான் சொல்கிறார்கள். ஆனால் இங்கே ஓட்டுகிறவர்கள் நிறையப் பேர் பிரச்சினையே இல்லை என்கிறார்கள். யார் சொல்வதை நம்ப? விவரம் தெரிந்தவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள்.

மிதிவண்டி:

சுருக்கமாகச் சொல்கிறேன்: அதே காசுக்கு ஸ்விஃப்ட் வாங்குங்கள். பெல்ட்டுக்குப் பதில் டைமிங் செயின், தெருவுக்கு ஒரு மெக்கானிக், மூலைக்கு ஒரு ஸ்பேர்ஸ் கடை. இந்தியாவை விட்டு மூட்டை கட்டிய கம்பெனியின் வண்டியை எதற்கு வாங்க வேண்டும்?

கணக்குப்பிள்ளை:

மிதிவண்டி சார் எந்த இழைக்கு வந்தாலும் ஸ்விஃப்ட்டோடுதான் வருவார், அது இருக்கட்டும். முதலில் இந்த இன்ஜின் என்ன என்று பார்த்துவிடலாம். பாதிப் பேர் அது தெரியாமலே திட்டுகிறார்கள்.

999 சிசி, மூன்று சிலிண்டர். போர் 71.9 மி.மீ., ஸ்ட்ரோக் 82 மி.மீ. அதாவது நீளமான ஸ்ட்ரோக். கீழ் ஆர்பிஎம்மில் இழுக்கும். கம்ப்ரஷன் 10-க்கு 1. டர்போ, டைரக்ட் இன்ஜெக்‌ஷன், வால்வுகளைத் திறக்கும் இரண்டு கேமுக்கும் வேரியபிள் டைமிங். நம் ஊர் ஈக்கோஸ்போர்ட்டில் 125 பிஎஸ், 170 என்எம். அந்த 170 என்எம் 1,400 ஆர்பிஎம்மிலேயே வந்து 4,500 வரை அப்படியே நிற்கும். தம்பிக்கு இரண்டாவது கியரில் கிடைத்தது அதுதான்.

பிளாக் அலுமினியம் இல்லை, வார்ப்பு இரும்பு. சீக்கிரம் சூடேறும் என்பதற்காக வேண்டுமென்றே அப்படிச் செய்தார்கள். எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு தனியாகக் கிடையாது, சிலிண்டர் ஹெட்டுக்குள்ளேயே வார்த்துவிட்டார்கள். ஆட்டத்தை அடக்கும் பேலன்ஸ் ஷாஃப்ட்டும் கிடையாது. அதற்குப் பதில் ஃப்ளைவீலையும் முன்னால் உள்ள கிராங்க் புல்லியையும் வேண்டுமென்றே சமனில்லாமல் செய்து, மூன்று சிலிண்டர் ஆட்டத்தை இன்ஜின் மவுண்ட்டுகள் தாங்கிக்கொள்ளும் திசைக்குத் திருப்பிவிட்டார்கள். எனக்கு இந்த இன்ஜினில் ரொம்பப் பிடித்த வேலை அதுதான். பிளாக்கின் அடிப்பரப்பு ஒரு ஏ4 தாளுக்குள் அடங்கும் என்று அப்போது விளம்பரமே செய்தார்கள்.

இங்கிலாந்தில் டன்டன் தொழில்நுட்ப மையத்தில் வடிவமைத்தது. ஐரோப்பாவில் 2012-ல் ஃபோகஸ் காரில் வந்தது. 2012, 2013, 2014 என்று மூன்று வருடம் தொடர்ந்து 'ஆண்டின் சர்வதேச இன்ஜின்' விருது. விருது கொடுக்கிறவர்கள் பத்து வருடம் ஓட்டிப் பார்த்தா கொடுக்கிறார்கள்?

இந்தியாவுக்கு ஏன் வந்தது என்பது வரிக் கணக்கு. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1,200 சிசிக்குள் இன்ஜின். அப்போது இரண்டும் இருந்தால்தான் சிறிய காருக்கான குறைந்த கலால் வரி. ஈக்கோஸ்போர்ட் 3,999 மி.மீ. அதே வண்டியில் 1.5 பெட்ரோல் போட்டால் அந்தச் சலுகை போய்விடும். 2013 ஜூனில் வண்டி வந்தபோது ஒரு லிட்டர் டர்போவும் கூடவே வந்ததன் சூட்சுமம் இதுதான்.

பழையஓனர்:

என்னிடமும் 2013 ஈக்கோபூஸ்ட் இருக்கிறது. சென்னை, திருச்சி, மதுரை என்று நெடுஞ்சாலை ஓட்டம்தான் அதிகம். நல்ல வண்டி. மைலேஜ் மட்டும் எதிர்பார்க்காதீர்கள். காகிதத்தில் 18.9 போட்டிருப்பார்கள், சிட்டியில் காலை அழுத்தி ஓட்டினால் பத்து, பதினொன்று. டர்போவைச் சீண்டாமல் ஓட்டினால் ஹைவேயில் பதினாறு பார்க்கலாம். ஆயில் விஷயத்தில் நான் கறார். புக்கில் போட்ட கிரேடு தவிர வேறு எதுவும் உள்ளே போனதில்லை.

ஈஸ்ட்ஹாம்வாசி:

நான் லண்டனில் இருந்து எழுதுகிறேன். இந்த இன்ஜின் இங்கே ஃபியஸ்டா, ஃபோகஸ், பி-மேக்ஸ் என்று எதைத் திறந்தாலும் இருக்கும். ஓடுவதே லட்சக்கணக்கில் என்றால் புலம்பலும் அந்த அளவுக்குக் கேட்கத்தான் செய்யும். அதற்காகப் புலம்பல் எல்லாம் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. இங்கே பேசப்படுவது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. எல்லோரும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறார்கள்.

முதலாவது கூலன்ட், இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம். 2011 முதல் 2013 வரை ஆலையில் பூட்டிய வண்டிகளில் கூலன்ட் டேங்குக்குப் போகும் ஒரு சின்ன நைலான் குழாய், இங்கே டீகேஸ் பைப் என்பார்கள், விட்டுப்போகிறது என்று கண்டுபிடித்து ஃபோர்டு அதை மாற்றிக் கொடுத்தது. குழாய் என்னவோ அற்பம். ஆனால் கூலன்ட் போவது ஓட்டுபவருக்குத் தெரியாமல் போனால் ஹெட் சூட்டில் விரிசல் விடும், இன்ஜினே காலி. 2018 வாக்கில் இங்கே தொலைக்காட்சி வரைக்கும் போன விவகாரம் இது.

இரண்டாவதுதான் உங்கள் மச்சான் சொன்ன பெல்ட். அதை மெக்கானிக் யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

ஸ்பானர்17:

கூப்பிட்டீர்கள், வந்துவிட்டேன். கோயம்புத்தூரில் பட்டறை வைத்திருக்கிறேன். இந்த இன்ஜின் கைக்கு வந்திருக்கிறது.

சாதாரண வண்டியில் டைமிங் பெல்ட், அதாவது கிராங்க்கின் சுழற்சியைக் கேமுக்குக் கொண்டுபோகும் பெல்ட், வெளியே ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் காய்ந்த நிலையில் ஓடும். ஆயில் பட்டாலே ரப்பர் கெட்டுவிடும் என்று சீல் போட்டுக் காப்போம். இங்கே அப்படியே தலைகீழ். பெல்ட்டை இன்ஜின் ஆயிலுக்குள்ளேயே ஓட விட்டிருக்கிறார்கள். செயினைவிட உராய்வு குறைவு, சத்தம் குறைவு, மைலேஜ் கொஞ்சம் கூடும். அதற்கென்று தனி ரப்பர் கலவை, உள்ளே கண்ணாடி இழை. எண்ணம் தப்பில்லை. ஆனால் அந்த ரப்பர் எந்த ஆயிலுக்காகச் செய்யப்பட்டதோ அந்த ஆயில் இருக்கும் வரைதான் எல்லாம் சரி.

இன்னொன்று, உள்ளே ஒரு பெல்ட் இல்லை, இரண்டு. ஒன்று கேமுக்கு. இன்னொரு சின்ன பெல்ட் ஆயில் பம்பைச் சுற்றுவதற்கு. பெரிய பெல்ட்டைப் பற்றியே எல்லோரும் பேசுவார்கள். என்னைக் கேட்டால் சின்னதைப் பார்த்துத்தான் அதிகம் பயப்பட வேண்டும். அது போனால் ஆயில் பிரஷர் போகும்.

எப்படிக் கெடுகிறது என்றால்: ஆயில் மாற்றாமல் இழுத்தடித்தால் அதில் அமிலம் சேரும். சின்னச் சின்ன ஓட்டம் மட்டுமே ஓடும் வண்டியில், இன்ஜின் முழுச் சூடு ஏறுவதற்குள் நிறுத்திவிடுவதால், எரியாத பெட்ரோல் பிஸ்டன் வழியே கீழே இறங்கி ஆயிலில் கலக்கும். டைரக்ட் இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் இது கொஞ்சம் கூடுதலாகவே நடக்கும். பெட்ரோல் கலந்த ஆயிலில் பெல்ட் உப்பும், விளிம்பில் பிசிறு விடும், துகள் துகளாக உதிரும். அந்தத் துகள் எங்கே போகும்? இன்ஜினுக்கு அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில், ஆயில் பம்பின் வாயில் ஒரு சல்லடை இருக்கிறது, ஸ்ட்ரெய்னர். அங்கே போய் அடையும். பம்புக்கு ஆயில் கிடைக்காது. முதலில் அடி வாங்குவது டர்போ. அது சுற்றுவது நிமிடத்துக்கு இரண்டு லட்சத்துக்கும் மேல், ஆயில் இல்லாமல் தாங்குமா? அப்புறம் கேம், பேரிங்.

பெல்ட் அறுந்து இன்ஜின் போவது ஒரு வகை. பெல்ட் அறுபடாமலே, உதிர்ந்த தூளால் இன்ஜின் போவது இன்னொரு வகை. இரண்டாவதுதான் வஞ்சகம், ஏனென்றால் வண்டி கடைசி வரை நன்றாகவே ஓடும்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

ஸ்பானர் அண்ணன் சொன்ன சின்ன பெல்ட்டுக்கு ஆதாரம் அமெரிக்காவில் இருக்கிறது. 2023 டிசம்பரில் அங்கே ஒரு ரீகால். 2018 முதல் 2022 வரையிலான ஈக்கோஸ்போர்ட், 2016 முதல் 2018 வரையிலான ஃபோகஸ், இரண்டும் 1.0 ஈக்கோபூஸ்ட். மொத்தம் சுமார் 1,40,000 வண்டிகள். காரணம், ஆயில் பம்ப் பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் உடையலாம், அல்லது பெல்ட்டின் பற்கள் போகலாம். ஆயில் பிரஷர் போய் இன்ஜின் நின்றால் பிரேக்குக்கான பவர் உதவியும் போய்விடும். அதனால்தான் பாதுகாப்பு ரீகால் ஆனது.

தாம்பரத்தான்:

அந்த அமெரிக்க ஈக்கோஸ்போர்ட் நம் மறைமலைநகரில் இருந்து கப்பல் ஏறியதுதானே? என் சித்தப்பா பையன் அங்கேதான் வேலை பார்த்தான்.

கணக்குப்பிள்ளை:

ஆமாம், அமெரிக்காவுக்குப் போன ஈக்கோஸ்போர்ட் எல்லாம் சென்னை ஆலையில் பூட்டியதுதான். ஐரோப்பாவுக்கும் முதலில் இங்கிருந்துதான் போனது, 2017-ல்தான் ருமேனியாவின் கிரயோவாவுக்கு மாற்றினார்கள். ஆனால் பெல்ட் சிக்கலை மறைமலைநகர் தலையில் கட்ட முடியாது. அது வடிவமைப்பில் இருப்பது; எந்த ஊரில் பூட்டினாலும் வரும். அந்த ஆலை 2022 ஜூலையோடு நின்றது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை.

பெல்ட் ஆயுள் விஷயத்துக்கு வருகிறேன். ஃபோர்டு முதலில் கொடுத்த கணக்கு பத்து வருடம் அல்லது 1,50,000 மைல், அதாவது சுமார் 2,40,000 கி.மீ.; எது முதலில் வருகிறதோ அது. தம்பி பார்த்திருக்கும் வண்டி 78,000 என்று மகிழ்ச்சியாக இருக்கிறார். கி.மீ. கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை. ஆனால் 2014 வண்டி, பத்து வருடம் தாண்டிவிட்டது. அந்த ஓனர் பெல்ட் மாற்றினாரா?

தாம்பரத்தான்:

கேட்டேன். "லட்சம் கி.மீ.கூட ஆகவில்லை, எதற்குப் பெல்ட் மாற்ற வேண்டும்?" என்று என்னையே திருப்பிக் கேட்கிறார்.

மிதிவண்டி:

ஸ்விஃப்ட்டில் இந்தக் கேள்வியே வராது.

பழையஓனர்:

மிதிவண்டி சார், அந்த வண்டியை ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள், அப்புறம் பேசலாம்.

தாம்பரத்தான், குறைந்த கி.மீ. என்பதை இந்த இன்ஜினில் நல்ல விஷயம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். பதினொரு வருடத்தில் 78,000 என்றால் வருடத்துக்கு ஏழாயிரம். எப்படி ஓடியிருக்கும்? பள்ளிக்கூடம், மார்க்கெட், கோயில். ஸ்பானர் அண்ணன் சொன்ன சின்ன ஓட்டம் அதுதான். நான் வாங்குவதாக இருந்தால் ஒன்றரை லட்சம் ஓடி, ஆயில் பில் ஒழுங்காக இருக்கும் ஹைவே வண்டியைத்தான் எடுப்பேன்.

ஸ்பானர்17:

பழையஓனர் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். மீட்டரைப் பார்க்காதீர்கள், ஆயில் பில்லைப் பாருங்கள்.

பில்லில் என்ன பார்ப்பது: கிரேடு 5டபிள்யூ-20. அதோடு ஃபோர்டின் சொந்த ஸ்பெக், டபிள்யூஎஸ்எஸ்-எம்2சி948-பி. டப்பாவில் இந்த எண் அச்சடித்திருக்க வேண்டும். நாலு லிட்டருக்குச் சற்று மேல் பிடிக்கும். நம் ஊரில் நடப்பது என்ன? "அவ்வளவு மெல்லிய ஆயில் நம்ம வெயிலுக்குத் தாங்காது சார், கெட்டியாகப் போடுவோம்" என்று 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 எதையாவது ஊற்றிவிடுகிறார்கள். என்னிடம் வந்த ஒரு வண்டி அப்படித்தான். வேறு ஒரு கடையில் டீசல் வண்டிக்கு வைத்திருந்த டிரம்மில் இருந்தே ஊற்றி அனுப்பியிருக்கிறார்கள். கெட்டி ஆயில் ஊற்றினால் நல்லது என்ற நினைப்பு இந்த இன்ஜினில் செல்லாது. ஆயிலில் சேர்க்கும் ரசாயனம் அந்த ரப்பரோடு ஒத்துப்போக வேண்டும். அதற்குத்தான் அந்த ஸ்பெக் எண்.

இரண்டாவது, ஆயில் ஃபில்டரை மாற்றச் சொல்லி, பழையதை வாங்கி அறுத்துப் பாருங்கள். ஹாக்ஸா போதும். உள்ளே இருக்கும் காகிதத்தை விரித்து வெயிலில் வைத்துப் பாருங்கள். கறுப்பாகத் துகள் இருந்தால் உடனே பயப்படாதீர்கள், கரியாகவும் இருக்கலாம். இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேயுங்கள். கரி என்றால் மையாகக் கரைந்து விரல் ரேகையெல்லாம் கறுத்துவிடும். ரப்பர் என்றால் கரையாது. குட்டியாக உருளும், அழுத்தினால் அமுங்கி மறுபடி எழும்பும். அப்படி ஒன்று கிடைத்தால் அந்த வண்டியை விட்டுவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

மூன்றாவது, ஆயில் வடித்தபின் டிரெய்ன் போல்ட் ஓட்டை வழியாக எண்டோஸ்கோப் கேமரா விட்டால் ஸ்ட்ரெய்னர் பக்கம் பார்க்க வாய்ப்பு உண்டு. போனில் மாட்டும் கேமரா இப்போது எல்லாப் பட்டறையிலும் இருக்கிறது. முழு நிச்சயம் வேண்டும் என்றால் சம்ப்பைக் கழற்ற வேண்டும், அதற்கு விற்பவர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்தும் பாருங்கள். பெட்ரோல் வாடை தூக்கலாக அடித்தாலோ, ஆயில் அளவு மேல் கோட்டைத் தாண்டி இருந்தாலோ, பெட்ரோல் கலந்திருக்கிறது.

ஈஸ்ட்ஹாம்வாசி:

கூலன்ட்டையும் விட்டுவிடாதீர்கள். காலையில் இன்ஜின் ஸ்டார்ட் பண்ணாமல் போய்ப் பாருங்கள், சூடாக இருக்கும்போது மூடியைத் தொடாதீர்கள். டேங்கில் அளவு எங்கே நிற்கிறது, குழாய் மூட்டுகளில் காய்ந்த கறை இருக்கிறதா, தண்ணீர் மாதிரி வெளிறியிருக்கிறதா? வெளிறியிருந்தால் யாரோ வெறும் தண்ணீர் ஊற்றி நிரப்பிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். அது ஏன் குறைகிறது என்பதுதான் கேள்வி.

சேலத்துக்காரன்:

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2018 ஈக்கோஸ்போர்ட் 1.5 பெட்ரோல். எனக்கும் இந்தப் பெல்ட் தலைவலி உண்டா?

கணக்குப்பிள்ளை:

உண்டு. ஈக்கோஸ்போர்ட்டில் 1.5 பெட்ரோல் என்ற பெயரில் இரண்டு வேறு இன்ஜின்கள் வந்தன. 2013 முதல் வந்தது நாலு சிலிண்டர், 112 பிஎஸ். அதில் வெளியே ஓடும் பழைய மாதிரி உலர் பெல்ட். 2017 நவம்பரில் ஃபேஸ்லிஃப்ட்டோடு வந்தது மூன்று சிலிண்டர் டிராகன், 1,497 சிசி, 123 பிஎஸ், 150 என்எம். அதில் ஆயிலுக்குள் ஓடும் பெல்ட். டர்போ இல்லாததால் இன்ஜினுக்குச் சுமை குறைவு. ஆனால் ஆயில் விஷயத்தில் இங்கே சொன்னதெல்லாம் உங்களுக்கும் பொருந்தும்.

இது ஃபோர்டோடு நிற்கவும் இல்லை. பெஜோ, சிட்ரோயன் வண்டிகளின் 1.2 ப்யூர்டெக், அதே மாதிரி மூன்று சிலிண்டர், அதே மாதிரி ஆயில் பெல்ட். அதுவும் விருது வாங்கிய இன்ஜின்தான். கடைசியில் அவர்களின் தாய் நிறுவனமான ஸ்டெல்லான்டிஸ் 2024-ல் ஐரோப்பாவில் வாரண்டியைப் பத்து வருடம் அல்லது 1,75,000 கி.மீ. என்று நீட்டிக் கொடுக்க வேண்டிவந்தது. அவர்களின் ஹைபிரிட் வடிவத்தில் இப்போது செயின். ஃபோர்டும் பின்னால் வந்த ஈக்கோபூஸ்ட்டில் கேமுக்குச் செயின் போட்டுவிட்டது, ஆயில் பம்புக்கு மட்டும் பெல்ட்டை விடவில்லை. ஏன் விடவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை.

சேலத்துக்காரன்:

இப்போது பங்க்கில் எல்லாம் இ20, அதாவது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல்தானே. எத்தனால் பெல்ட்டைத் தின்னாதா?

ஸ்பானர்17:

2023 ஏப்ரலுக்கு முன்னால் வந்த பெரும்பாலான வண்டிகள் இ20-க்காகச் செய்தவை இல்லை, அது உண்மை. எரிபொருள் குழாய், ஓரிங் எல்லாம் வருடம் ஒரு முறை பாருங்கள். பெல்ட்டைப் பொறுத்தவரை எரிபொருள் எதுவானாலும் ஆயிலில் கலக்கவிடாமல் பார்ப்பதுதான் வேலை. வாரத்தில் ஒரு நாளாவது வண்டியை அரை மணி நேரம் நன்றாகச் சூடேற ஓட்டுங்கள். ஆயிலைப் பத்தாயிரம் வரை இழுக்காமல் ஏழாயிரத்தில், இல்லாவிட்டால் வருடம் முடிந்ததும் மாற்றுங்கள்.

தாம்பரத்தான்:

நேற்றுப் போய்ப் பார்த்துவிட்டேன். ஃபில்டரை அறுத்தோம். விரலில் தேய்த்தது எல்லாம் மைதான், உருண்டது எதுவும் இல்லை. கூலன்ட் அளவு சரி. சர்வீஸ் புக்கில் 2019 வரை முறையாக இருக்கிறது. அதற்கப்புறம் வெளிக்கடை, ஐந்து பில்லில் மூன்றில் 5டபிள்யூ-20 என்று எழுதியிருக்கிறது, இரண்டில் வெறும் "இன்ஜின் ஆயில் 4 லி." என்று மட்டும். ஐடிலில் லேசாக ஸ்டீயரிங் ஆடுகிறது. மச்சான் கூடவே வந்தார், வண்டியை ஓட்டிவிட்டுப் பேச்சையே காணோம்.

பழையஓனர்:

ஐடில் ஆட்டத்துக்கு முதலில் இன்ஜின் மவுண்ட்டைப் பாருங்கள். இந்த வயதில் அது தளர்ந்திருக்கும். அப்புறம் பிளக், காயில். இதெல்லாம் பெரிய செலவு இல்லை. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் என்பதால் இன்டேக் வால்வில் கரி படிந்திருக்கவும் கூடும், பெட்ரோல் அதன்மேல் படாது, கழுவப்படாது.

ஸ்பானர்17:

தம்பி, ஃபில்டர் சுத்தம் என்பது நல்ல சேதி. ஆனால் பெயர் போடாத அந்த இரண்டு பில்லும் உறுத்துகிறது. வண்டி வேண்டும் என்றால், இரண்டு பெல்ட்டும் டென்ஷனரும் மாற்றும் செலவை விலையில் இருந்து முழுசாகக் கழித்துக் கேளுங்கள். ஒத்துக்கொண்டால் எடுங்கள், இல்லையென்றால் விடுங்கள். "வாங்கி ஒரு வருடம் ஓட்டிப் பார்த்துவிட்டு மாற்றுகிறேன்" என்ற பேச்சே வேண்டாம்.

ஈஸ்ட்ஹாம்வாசி:

இங்கே அந்த வேலைக்கு ஆயிரம் பவுண்டைத் தாண்டிக் கேட்பவர்கள் உண்டு. பெல்ட் விலை இல்லை அது, கூலி.

ஸ்பானர்17:

கூலி கூடுவதற்குக் காரணம் இருக்கிறது. கிராங்க்கில் புல்லி நகராமல் பிடிக்கும் 'கீ' என்ற சின்ன ஆப்பு கிடையாது, போல்ட்டின் இறுக்கத்தில்தான் நிற்கிறது. டைமிங்கைப் பூட்டி வைக்கும் டூல் கிட் இல்லாமல் அந்த போல்ட்டை அவிழ்த்தால் எல்லாம் இடம் மாறிவிடும். அந்த புல்லி சமனில்லாமல் செய்தது என்று கணக்குப்பிள்ளை மேலே சொன்னார் பாருங்கள், அதைத் திருப்பி மாட்டும்போது சரியான கோணத்தில் மாட்டாவிட்டால் வண்டி பிறகு ஆடிக்கொண்டே இருக்கும். அதனால் பட்டறைக்காரரிடம் முதல் கேள்வி, "இந்த இன்ஜினுக்கான லாக்கிங் டூல் இருக்கிறதா?" என்பதாக இருக்கட்டும். "பெயின்ட் மார்க் வைத்து மாற்றிவிடலாம்" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.

வேலைக்குச் சம்ப் எப்படியும் கீழே வரும், ஸ்ட்ரெய்னரையும் அப்போதே கண்ணால் பார்த்துவிடலாம். விலை எவ்வளவு என்று இங்கே எண் போட மாட்டேன், ஊருக்கு ஊர் மாறுகிறது. ஃபோர்டு பார்ட்ஸ் கிடைப்பதில் இன்றும் பெரிய கஷ்டம் இல்லை, ஆனால் ஆர்டர் போட்டுக் காத்திருக்க வேண்டும். பெட்டியைப் பிரித்துப் பார்த்து வாங்குங்கள், போலி பெல்ட்டும் சந்தையில் உண்டு.

தாம்பரத்தான்:

ஓனரிடம் பேசினேன். முதலில் கோபப்பட்டார். அப்புறம் கணக்குப்பிள்ளை சார் எழுதிய பத்து வருடக் கணக்கைப் போனிலேயே காட்டினேன். இரண்டு எழுபத்தைந்துக்கு இறங்கியிருக்கிறார். வருகிற ஞாயிறு முன்பணம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன். ஆர்சி 2029 வரை இருக்கிறது. ஸ்பானர் அண்ணா, பார்ட்ஸ் லிஸ்ட் மட்டும் ஒரு தடவை சொல்லிவிடுங்கள், முன்கூட்டியே ஆர்டர் போட்டுவிடுகிறேன்.

மிதிவண்டி:

வாழ்த்துகள். டூல் கிட் இருக்கும் பட்டறை தாம்பரம் பக்கம் கிடைத்தால் இங்கே போடுங்கள், என் தங்கை வீட்டுக்காரரிடமும் இந்த வண்டிதான் இருக்கிறது.

ஸ்பானர்17:

கேம் பெல்ட், அதன் டென்ஷனர், ஆயில் பம்ப் பெல்ட், அதன் டென்ஷனர், முன் கிராங்க் சீல், சம்ப்புக்கு சீலன்ட், ஆயில் ஃபில்டர், அந்த ஸ்பெக் ஆயில் ஐந்து லிட்டர். கிராங்க் போல்ட்டையும் மறக்காமல் புதிதாக ஆர்டர் போடுங்கள். ஒரு தடவை இறுக்கியதை மறுபடி போடக்கூடாது. பழைய போல்ட்டையே போட்டு அனுப்பும் ஆட்களும் இருக்கிறார்கள், அதனால் கழற்றிய பழையதைக் கையில் வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.